அரசுக் கட்டடப் பணிக்குப் போட்டியிடும் சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களுக்கு

தமிழ்நாட்டில் அரசுக் கட்டடம் என்றாலே பொதுப்பணித் துறைதான் நினைவுக்கு வரும். அந்தத் துறைக்குச் சேப்பாக்கத்தில் சொந்தமாகத் தலைமைக் கட்டடக் கலைஞர் பிரிவு இருக்கிறது. துறையின் வழக்கமான கட்டடங்களுக்கு வரைபடங்கள் பெரும்பாலும் அங்கேயே தயாராகிவிடும். மத்தியப் பொதுப்பணித் துறையிலும் உள் ஆர்க்கிடெக்ட் பிரிவு உண்டு. அதனால் ஐந்தாறு பேர் வேலை செய்யும் அலுவலகம் இந்த இரண்டு வாசல்களில் மட்டும் காத்திருந்தால் காலம்தான் கரையும். வெளியே வரும் பணிகள் வேறு இடங்களிலிருந்து வருகின்றன: பல்கலைக்கழக எஸ்டேட் அலுவலகங்கள், ஐஐடி, என்ஐடி வளாகங்கள், மாநகராட்சிகளும் நகராட்சிகளும், காவலர் வீட்டுவசதிக் கழகம் போன்ற அரசுக் கழகங்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள்.

இவற்றில் சிறிய அலுவலகம் முதலில் கால் வைக்க ஏற்ற இடம் வங்கி. கிளை உள் அலங்காரம், மண்டல அலுவலகச் சீரமைப்பு, பயிற்சி நிலையம் போன்ற பணிகளுக்காக வங்கிகள் வட்டார வாரியாக ஆர்க்கிடெக்ட்களை எம்பேனல் செய்கின்றன (தகுதியானவர் பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன). சேர்வதற்கான நிபந்தனைகள் ஒப்பீட்டளவில் எளிமையானவை. கட்டணம் பெரிதாக இருக்காது. ஆனால் கையில் கிடைக்கும் பணி ஆணையும் நிறைவுச் சான்றிதழும் பொதுத்துறை லெட்டர்ஹெட்டில் இருக்கும். அடுத்த படியில் கேட்கும் ‘அரசு அல்லது பொதுத்துறை அனுபவம்’ என்ற வரியைத் தாண்ட அந்தக் காகிதம் போதும். அங்கிருந்து கல்லூரி விடுதி, நூலகம், நகராட்சிச் சமுதாயக் கூடம் என்று ஏறலாம். முதல் ஆண்டிலேயே ஐம்பது கோடி ரூபாய் வளாகத்துக்கு விண்ணப்பிப்பது விண்ணப்பம் தயாரித்த நேரத்தை வீணாக்குவதுதான்.

தகுதி என்பது கணக்கு

பெரும்பாலான சிறிய அலுவலகங்கள் வடிவமைப்பில் தோற்பதில்லை. வடிவமைப்பை யாரும் பார்ப்பதற்கு முன்பே, தகுதிப் பக்கத்தில் கழிந்துவிடுகின்றன. மத்தியப் பொதுப்பணித் துறை பாணியில் எழுதப்படும் அறிவிப்புகளில் ஒரு சூத்திரம் திரும்பத் திரும்ப வரும்: கடந்த ஏழு ஆண்டுகளில் முடித்த ஒத்த பணிகள், மதிப்பீட்டில் 40% அளவுக்கு மூன்று, அல்லது 60% அளவுக்கு இரண்டு, அல்லது 80% அளவுக்கு ஒன்று. 12 கோடி ரூபாய் கட்டடம் என்றால் 4.8 கோடியில் மூன்று, 7.2 கோடியில் இரண்டு, இல்லையென்றால் 9.6 கோடியில் ஒன்று.

இதைப் பார்த்தவுடன் ‘நம்மிடம் இல்லை’ என்று மூடிவைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே படிக்க வேண்டும். பழைய பணியின் மதிப்பை, அது முடிந்த நாளிலிருந்து ஒப்பந்தப்புள்ளியின் கடைசி நாள் வரை ஆண்டுக்கு 7% தனிவட்டி வீதத்தில் உயர்த்திக் கணக்கிடலாம் என்ற விதி பல அறிவிப்புகளில் இருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் 7 கோடிக்கு முடித்த ஒரு பள்ளிக் கட்டடம் இந்தக் கணக்கில் 9.94 கோடி ஆகிறது. 9.6 கோடி என்ற கோட்டை அது ஒன்றே தாண்டிவிடும். இந்த விதி அறிவிப்பில் இல்லையென்றால் நீங்களாகப் போட்டுக்கொள்ள முடியாது. ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிப்பதற்கு முன் சந்தேகங்களுக்காகத் துறை நடத்தும் முன்கூட்டத்தில் எழுத்தில் கேட்க வேண்டும்.

நிறைவுச் சான்றிதழ் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் அடுத்த சிக்கல். ‘இன்னார் எங்கள் கட்டடத்தைத் திருப்திகரமாக வடிவமைத்தார்’ என்ற இரண்டு வரிக் கடிதத்துக்கு மதிப்பீட்டுக் குழுவில் பூஜ்யம்தான் விழும். சான்றிதழில் பணியின் முழுப் பெயர், ஒப்பந்த எண்ணும் தேதியும், கட்டுமான மதிப்பு, மொத்தக் கட்டடப் பரப்பு சதுர மீட்டரில், தளங்களின் எண்ணிக்கை, தொடங்கிய நாள், முடிந்த நாள், உங்கள் பணியின் எல்லை (வடிவமைப்பு மட்டுமா, ஸ்ட்ரக்சரல், மின்சாரம், குழாய்ப் பணிகள் சேர்ந்தா, கள மேற்பார்வையும் உண்டா) எல்லாம் இருக்க வேண்டும். அரசுப் பணி என்றால் செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாதவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். அந்த அதிகாரி இடமாறுதலில் போவதற்கு முன் வாங்கிவிடுங்கள். பின்னால் வருபவர் தான் பார்க்காத பணிக்குக் கையெழுத்திடத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. சான்றிதழின் வரைவை நீங்களே தட்டச்சு செய்து கொடுப்பதில் தவறில்லை, விவரங்கள் கோப்போடு பொருந்தினால் போதும்.

தனியார் பணிகளுக்குச் சான்றிதழ் மட்டும் போதாது. வாடிக்கையாளர் உங்கள் கட்டணத்தில் வருமான வரி பிடித்ததற்கான படிவத்தையும் மதிப்பீட்டுக் குழுவினர் சேர்த்துக் கேட்பார்கள். ரொக்கமாகவோ வரிப் பிடித்தம் இல்லாமலோ வாங்கிய கட்டணத்துக்கு உரிய பணி, எவ்வளவு அழகான கட்டடமாக இருந்தாலும், இந்தப் பட்டியலில் இல்லாத பணிதான். அரசுப் பணி பக்கம் வர நினைப்பவர்கள் இன்றைய தனியார் வேலைகளிலேயே இந்த ஒழுங்கைத் தொடங்கிவிட வேண்டும். ஆடிட்டர் தரும் விற்றுமுதல் சான்றிதழில் யுடிஐஎன் எண் (சான்றிதழைச் சரிபார்க்க உதவும் தனி எண்) இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத சான்றிதழைக் குழு ஏற்காது.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் முடிந்துவிடும். ஆர்க்கிடெக்ட் அலுவலகம் சேவை நிறுவனமாகப் பதியலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம், 100 கோடி வரை சிறு நிறுவனம் (முதலீட்டு வரம்பும் தனியாக உண்டு). நம்மைப் போன்ற அலுவலகங்கள் எல்லாமே குறு நிறுவனக் கணக்கில்தான் வரும். மத்திய அமைச்சகங்களுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும் 2012 கொள்முதல் ஆணைப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு ஈஎம்டி தொகையிலிருந்து (ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் பிணை வைப்புத்தொகை) விலக்கு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப் என்றால் முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்த மத்திய நிதி விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அது கட்டாயமில்லை, துறையின் விருப்பத்துக்கு விடப்பட்டது. தனி உரிமையாளர் அலுவலகம் ஸ்டார்ட்அப் ஆக முடியாது. பதிவு பெற்ற கூட்டாண்மையாகவோ எல்எல்பியாகவோ பிரைவேட் லிமிடெட் ஆகவோ இருக்க வேண்டும். மாநில அரசுத் துறைகளை மத்திய ஆணை கட்டுப்படுத்தாது என்பதையும் மறக்க வேண்டாம். சலுகை உண்டா என்பது அந்தந்த ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

எதற்குப் போட்டியிடக் கூடாது

ஒரு முழுமையான தொழில்நுட்ப முன்மொழிவு தயாரிக்கச் சிறிய அலுவலகத்தில் இரண்டு பேர் இரண்டு மூன்று வாரம் உட்கார வேண்டும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளில் அடிப்படைக் கால அவகாசம் 2 கோடி வரையிலான மதிப்புக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள். கட்டணம் 2 கோடிக்குக் கீழே இருக்கும் ஆலோசனைப் பணிகளுக்கு 15 நாள்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழ் தேடினால் நேரம் போதாது. அதனால் பங்கேற்கலாமா வேண்டாமா என்ற முடிவை முதல் நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

நாங்கள் முதலில் பார்ப்பது தேர்வு முறை. குறைந்த கட்டணம் சொன்னவருக்கே பணி என்ற முறையில் வரும் அறிவிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். சிக்கலில்லாத, வழக்கமான பணிக்குத்தான் மத்திய விதிகளே அந்த முறையைப் பரிந்துரைக்கின்றன. ஏற்கெனவே அதே வகைக் கட்டடத்தின் முழு ஒர்க்கிங் டிராயிங் தொகுப்பு உங்களிடம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இரண்டாவது, விற்றுமுதல் நிபந்தனை எதை வைத்துப் போடப்பட்டிருக்கிறது என்பது. ஆலோசகர் பெறப்போவது 30 லட்சம் கட்டணம். ஆனால் நிபந்தனையைக் கட்டுமான மதிப்பான 12 கோடியிலிருந்து கணக்கிட்டு ‘சராசரி ஆண்டு விற்றுமுதல் 4 கோடி’ என்று போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தக்காரருக்கு எழுதிய படிவத்தை அப்படியே ஆலோசகருக்கு எடுத்துப் போடுவதால் வரும் பிழை இது. பல முறை இதில் உள்நோக்கம் எதுவும் இருக்காது. முன்கூட்டத்துக்கு முன் பண்பாகவும் குறிப்பாகவும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: பக்கம், பத்தி எண், இப்போதைய வாசகம், நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், காரணம் ஒரு வரி. நான்கு பத்திகளில் தொழிலின் அவலத்தை எழுதி அனுப்பினால் அது கோப்பில் தூங்கும். மாற்று வாசகத்தைத் தயாராகக் கொடுத்தால் திருத்த அறிவிப்பில் அதை அப்படியே ஒட்டிவிட அதிகாரிக்கு வசதி.

மதிப்பெண் விகிதத்தைப் பற்றியும் அதே கடிதத்தில் கேட்கலாம். ஆலோசனைப் பணிகளில் தரத்துக்கு 80% வரை எடை தர மத்தியப் பொது நிதி விதி 192 அனுமதிக்கிறது. 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் சொன்ன 30% வரம்பு கட்டுமானப் பணிகளுக்கும் ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் உரியது. இரண்டையும் குழப்பிக்கொண்ட அறிவிப்பு வந்தால் விதி எண்ணோடு சுட்டிக்காட்டுங்கள்.

ஓரிரு அபாய அறிகுறிகள்: நிலம் யாருடையது என்று முடிவாகாத திட்டம், நிர்வாக ஒப்புதல் இல்லாமல் ‘எதிர்பார்க்கப்படும் நிதி’ என்று எழுதிய திட்டம், ‘துறை கேட்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் கூடுதல் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும்’ என்ற வரி. மூன்றும் ஒரே ஆவணத்தில் இருந்தால் தொடவே வேண்டாம்.

இரண்டு மதிப்பெண்ணின் விலை

தரமும் கட்டணமும் சேர்ந்த மதிப்பீட்டில் கட்டண மதிப்பெண் இப்படி வரும்: மிகக் குறைந்த கட்டணத்தை உங்கள் கட்டணத்தால் வகுத்து 100 ஆல் பெருக்க வேண்டும். பிறகு இரண்டுக்கும் உரிய எடையைப் போட்டுக் கூட்ட வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு. ‘அ’ அலுவலகம் தொழில்நுட்பத்தில் 88, கட்டணம் கட்டுமான மதிப்பில் 2.75%. ‘ஆ’ அலுவலகம் தொழில்நுட்பத்தில் 74, கட்டணம் 1.75%.

எடை 70:30 என்றால் அ-வுக்கு 61.6 கூட்டல் 19.09, மொத்தம் 80.69. ஆ-வுக்கு 51.8 கூட்டல் 30, மொத்தம் 81.8. பதினான்கு மதிப்பெண் முன்னால் இருந்தும் அ தோற்கிறது. அதே எண்களோடு எடை 80:20 ஆனால் அ 83.13, ஆ 79.2. அ எளிதாக வெல்கிறது.

இன்னொரு திருப்பமும் உண்டு. சில ஆவணங்களில் தொழில்நுட்ப மதிப்பெண்ணையும் உயர்ந்தபட்ச மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு நூற்றுக்கு மாற்றுவார்கள். அப்போது அ-வின் 88 என்பது 100 ஆகவும், ஆ-வின் 74 என்பது 84.09 ஆகவும் மாறும். இந்த முறையில் 70:30 எடையிலேயே அ 89.09, ஆ 88.86. முடிவே புரண்டுவிட்டது. ஆவணத்தில் இந்த ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் கட்டணம் குறிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிவதுதான்.

மறுபடி முதல் கணக்குக்கு வருவோம். 70:30 எடையில், மாற்றியமைக்காத மதிப்பெண்ணில், அ வெல்ல இரண்டு வழி. கட்டணத்தை 2.75 இலிருந்து 2.55 ஆகக் குறைத்தால் மொத்தம் 82.19 ஆகிவிடும். 12 கோடிப் பணியில் அது 2.4 லட்ச ரூபாய் இழப்பு. அல்லது தொழில்நுட்ப மதிப்பெண்ணை 88 இலிருந்து 90 ஆக்கினால் 82.09, கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம். அந்த இரண்டு மதிப்பெண் பெரும்பாலும் காகிதத்தில்தான் கிடக்கிறது: ஒரு சான்றிதழில் விட்டுப்போன பரப்பளவு, முக்கியப் பணியாளரின் தகுதிச் சான்று, எரிசக்திச் சிக்கனச் சான்று பெற்ற தன் கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்க மறந்தது. கட்டணத்தில் கை வைப்பதற்கு முன் மதிப்பெண் அட்டவணையை எடுத்து உங்களுக்கு நீங்களே கடுமையாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள்.

கட்டணத்தைக் கீழிருந்து கட்டுதல்

‘போன முறை 2%க்கு எடுத்தார்கள், நாம் 1.9 போடலாம்’ என்பது கணக்கல்ல. ஒரு மாதிரி வரவுசெலவு போட்டுப் பார்ப்போம். 12 கோடி கட்டடம், 2% என்றால் 24 லட்சம். இதில் ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயருக்கு 5 லட்சம், மின்சாரம், குழாய், தீயணைப்பு, ஏசி வடிவமைப்புக்கு 4.5 லட்சம், அளவுக் கணக்காளருக்கு 2 லட்சம், நில அளவைக்கும் மண் பரிசோதனைக்கும் 1.5 லட்சம், பொறியியல் கல்லூரியில் ஸ்ட்ரக்சரல் சரிபார்ப்புக்கு 1 லட்சம், அனுமதி, அச்சு, பயணம் 1.5 லட்சம். வெளியே போவது 15.5 லட்சம். மீதி 8.5.

அலுவலகத்துக்குள் ஒரு மூத்த ஆர்க்கிடெக்ட் எட்டு மாதம் அரை நேரம், மாதம் 30,000 வீதம் 2.4 லட்சம். இரண்டு இளையவர்கள் எட்டு மாதம், தலைக்கு 28,000 வீதம் 4.48 லட்சம். வாடகை, மென்பொருள், மின்சாரப் பங்கு 1.2 லட்சம். கழித்தால் 42,000 ரூபாய் மிஞ்சுகிறது. இனிதான் பதினெட்டு மாதக் கட்டுமானம். மாதம் இரண்டு கள வருகை, ஒன்றுக்கு 4,000 என்றால் 1.44 லட்சம். ஆக ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம். பங்குதாரரின் சம்பளம் இதில் ஒரு பைசாகூடச் சேர்க்கப்படவில்லை. இதே பணியில் 2.75% வாங்கினால் சுமார் 8 லட்சம் மிஞ்சும். உங்கள் ஊரில் தொகைகள் மாறலாம், வரிசை மாறாது. 2%க்குக் கீழே எடுத்தவர் எதைக் குறைப்பார் என்று யோசித்தால் பதில் தெரியும்: விவர வரைபடங்களையும் கள வருகையையும்தான். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் தேங்குவதற்கும் மருத்துவமனைச் சாய்தளம் செங்குத்தாகப் போவதற்கும் இந்த வரவுசெலவில்தான் வேர் இருக்கிறது.

சதவீதம் எதன் மீது என்பதை இரண்டு முறை படியுங்கள். ‘தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற மதிப்பீடு அல்லது ஒப்பந்தத் தொகை, எது குறைவோ அது’ என்று இருந்தால், ஒப்பந்தக்காரர் 14% குறைத்து எடுத்தவுடன் உங்கள் 33 லட்சம் 28.38 லட்சமாகிவிடும். அவர் விலை குறைத்ததால் உங்கள் வரைபடத்தில் ஒரு கோடும் குறையவில்லை. இதை முன்கூட்டத்தில் மாற்றக் கேளுங்கள். மாறவில்லையென்றால் அந்தக் குறைவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக் கட்டணம் போடுங்கள்.

ஜிஎஸ்டியில் சிறிய அலுவலகங்கள் அடிக்கடி கையைச் சுட்டுக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. மத்திய, மாநில அரசுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ, அரசியலமைப்பில் பஞ்சாயத்து, நகராட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட செயல்பாடுகள் தொடர்பாகத் தரும் தூய சேவைக்கு (பொருள் எதுவும் சேராத சேவை) வரிவிலக்கு உண்டு. வாரியங்களும் கழகங்களும் 2022 ஜனவரி முதல் இந்த விலக்கில் இல்லை; அவற்றுக்கு 18%. விலக்கு என்றதும் மகிழ வேண்டாம். நீங்கள் வரி வசூலிக்காத பணியில் உள்ளீட்டு வரியை (அந்தப் பணிக்காக நீங்கள் பிறருக்குக் கட்டிய ஜிஎஸ்டி) திரும்ப எடுக்க முடியாது. உங்கள் ஸ்ட்ரக்சரல், மின்சார ஆலோசகர்கள் உங்களிடம் போடும் பில்லுக்கு அந்த விலக்கு பொருந்தாது. மேலே சொன்ன மூன்று ஆலோசகர்களின் 11.5 லட்சத்துக்கு 18% என்றால் 2.07 லட்சம் உங்கள் செலவாகவே நின்றுவிடும். அதனால் ‘ஜிஎஸ்டி நீங்கலாக’ என்று கட்டணம் குறிப்பதோடு, துறை இந்தப் பணியை எப்படி நடத்தப்போகிறது என்றும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

முன்மொழிவும் மேடையும்

‘அணுகுமுறையும் செயல்முறையும்’ என்ற பகுதிக்கு இணையத்தில் எடுத்த பொதுவான பத்துப் பக்கங்களை ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. குழுவில் இருப்பவர்கள் ஒரே நாளில் இப்படி ஏழெட்டுத் தொகுப்பு படிப்பவர்கள். அந்த மனையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். மழைநீர் எந்தப் பக்கம் போகிறது, எந்த மரங்களைக் காப்பாற்றலாம், கட்டுமானத்தின்போது பழைய கட்டடத்தில் வகுப்புகள் எப்படித் தொடரும், லாரி எந்த வாசலில் நுழையும், உயர் அழுத்த மின் கம்பி எங்கே போகிறது என்பதை எல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் அதுவே பேசும். பெரிய நிறுவனம் தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ இதைச் செய்யாது. சிறிய அலுவலகத்தின் உண்மையான பலம் இதுதான்.

அனுமதிகளின் அட்டவணையும் மதிப்பெண் தரும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி திட்ட அனுமதி யாரிடம், தீயணைப்புத் தடையின்மைச் சான்று எப்போது, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்பன போன்றவற்றை அந்தப் பணிக்கே உரிய வரிசையில் எழுதுங்கள்.

இலவசமாக முழு வடிவமைப்பைக் கேட்கும் அறிவிப்புகள் வருகின்றன. கட்டடக்கலை கவுன்சிலின் 1989 தொழில் ஒழுக்க விதிகள், கவுன்சில் வழிகாட்டுதலின்படி நடக்கும் போட்டியைத் தவிர, கட்டணமில்லாமல் மற்ற ஆர்க்கிடெக்ட்களோடு போட்டியிட்டு வடிவமைப்பு தயாரிக்கக் கூடாது என்கின்றன. மனைப் பகுப்பாய்வு, இடத் தேவைகளின் உறவு, முந்தைய பணிகள், செய்யும் முறை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது விதிக்கும் நல்லது, பைக்கும் நல்லது.

நேர்காணலுக்கு இருபது நிமிடம் கிடைத்தால் பதினான்கு நிமிடத்தில் முடியுங்கள். பயன்படுத்தப்போகும் துறையின் ஆள் ஒருவர் குழுவில் இருப்பார். அவருக்குத் தெரிய வேண்டியது பராமரிப்பு, கழிப்பறை, கோப்பறை, வாகன நிறுத்தம். பொறியாளர்களுக்குத் தெரிய வேண்டியது மதிப்பீடு கட்டுக்குள் நிற்குமா, பொதுப்பணித் துறை விலைப்பட்டியலில் இல்லாத பொருள் எத்தனை என்பது. பட்டியலில் இல்லாத ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலைப் பகுப்பாய்வும் மேலதிகாரி ஒப்புதலும் வேண்டும். அதனால்தான் அவர்கள் புதிய பொருளைக் கண்டு தயங்குகிறார்கள். அப்படி நான்கு பொருள் மட்டும் வைத்து, நான்குக்கும் பகுப்பாய்வை நீங்களே தருவதாகச் சொன்னால் முகங்கள் தளரும். வரைந்தவரே பேச வேண்டும். பேச வந்தவர் வேறு, பணியைச் செய்பவர் வேறு என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இணையதளத்தில் நடப்பவை

ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் விண்ணப்பிக்க டிஜிட்டல் கையொப்பம் மூன்றாம் வகை வேண்டும், அது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். காலாவதித் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். உங்கள் கட்டணத்தை நிரப்பத் தளம் தரும் எக்செல் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது, வரிசைகளைச் சேர்க்கக் கூடாது. மாற்றினால் தளம் ஏற்காது. கட்டண உறைக்கு முன் தனியாகத் திறக்கும் தொழில்நுட்ப உறையில் கட்டணத்தின் சாயல்கூடத் தெரியக் கூடாது. ‘எங்கள் 2.75% கட்டணத்தில் இவை அடங்கும்’ என்று செயல்முறைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் மொத்த விண்ணப்பமும் நிராகரிக்கப்படும். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ‘ஃப்ரீஸ் பிட்’ பொத்தானை அழுத்தி ஒப்புகைச் சீட்டு எடுத்தால்தான் விண்ணப்பம் சேர்ந்ததாக அர்த்தம். நேரம் உங்கள் கைக்கடிகாரத்தில் இல்லை, தளத்தின் கடிகாரத்தில்தான். ஒரு முறை திரும்பப் பெற்றால் அதே ஒப்பந்தப்புள்ளியில் மறுபடி நுழைய முடியாது. திருத்த வேண்டுமானால் மறுசமர்ப்பிப்பைப் பயன்படுத்துங்கள். திருத்த அறிவிப்புகளைக் கடைசி நாளின் காலையிலும் ஒரு முறை பாருங்கள்.

தோற்றால் மதிப்பெண் தாளைக் கேளுங்கள். பணி ஆணை வழங்கப்பட்ட பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் எல்லோருடைய தொழில்நுட்ப மதிப்பெண்ணையும் தலைப்பு வாரியாகக் கேட்கலாம். பதில் தர 30 நாள். மூன்று தாள்களை அருகருகே வைத்தால் உங்களுக்கு எங்கே எப்போதும் குறைகிறது என்று தெரிந்துவிடும். முடிவில் தவறு நடந்திருக்கிறது என்று ஆதாரத்தோடு நம்பினால் தமிழ்நாடு சட்டத்தின் 11ஆம் பிரிவில் அரசிடம் மேல்முறையீடு உண்டு. ஆணை கிடைத்து 10 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதால் தகவல் உரிமை மனுவின் பதிலுக்காகக் காத்திருக்க முடியாது.

திறந்த போட்டி என்ற இன்னொரு வாசல்

2019இல் தில்லி மத்திய விஸ்டா திட்டத்துக்கான ஆலோசகரை 80:20 தர-கட்டண முறையில்தான் தேர்ந்தெடுத்தார்கள். அகமதாபாத்தின் ஹெச்சிபி நிறுவனத்துக்கு 229.75 கோடி ரூபாய்க்குப் பணி போனது. திறந்த வடிவமைப்புப் போட்டி வைத்திருக்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட்கள் பலர் அப்போது கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஏனென்றால் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அதே பகுதியில், இந்தியா கேட் அருகே, தேசியப் போர் நினைவகத்துக்கு உலகளாவிய போட்டி நடந்தது. 427 வடிவமைப்புகள் வந்தன. 2017இல் அறிவித்த முடிவில் வென்றது சென்னையின் வீபி டிசைன் லேப் என்ற இளம் அலுவலகம். 2019 பிப்ரவரி 25 அன்று நினைவகம் திறக்கப்பட்டது. விற்றுமுதல் நிபந்தனையோடு வழக்கமான முறையில் அழைத்திருந்தால் அப்படி ஓர் அலுவலகம் உள்ளே வந்திருக்குமா என்பது ஐயம்.

ஆனாலும் போட்டியை மட்டும் நம்பி அலுவலகம் நடத்த முடியாது. ஆண்டுக்கு ஒன்று போதும். நடுவர்கள் பெயர் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கிறதா, அவர்களில் ஆர்க்கிடெக்ட்கள் பெரும்பான்மையா, வென்றவருக்கு முழுப் பணி ஆணை உண்டா, பரிசோடு கைகழுவி வரைபடத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடும் உரிமையைத் துறை தன்னிடம் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் ‘ஆம்’ என்றால் அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

பணி கிடைத்த பிறகு வரும் பணம்

கட்டடக்கலை கவுன்சிலின் பணி நிபந்தனைகளில் கட்டணம் படிப்படியாக வரும் (ஒவ்வொரு சதவீதமும் அதுவரை சேர்ந்த மொத்தம்): கருத்துரு நிலையில் 10%, முதல்நிலை வடிவமைப்பில் 20%, அனுமதி வரைபடங்கள் முடிந்தால் 35%, ஒர்க்கிங் டிராயிங்கும் டெண்டர் ஆவணங்களும் சேர்ந்தால் 45%, டெண்டர் அழைத்தால் 55%. மீதி கட்டுமானத்தோடு சேர்ந்து நகரும். அரசு ஒப்பந்தங்கள் இதைப் பின்னுக்குத் தள்ளும். ‘தொழில்நுட்ப ஒப்புதல் கிடைத்ததும் 30%’ என்று இருக்கும். அந்த ஒப்புதல் உங்கள் கையில் இல்லை. ‘வரைபடமும் மதிப்பீடும் சமர்ப்பித்து 30 நாளில், அல்லது ஒப்புதல் கிடைத்ததும், எது முந்தியதோ அப்போது’ என்று மாற்றக் கேளுங்கள். திட்டம் கைவிடப்பட்டால் அதுவரை முடித்த நிலைக்குப் பணம் உண்டு என்ற வரியும், கட்டுமானம் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டினால் கள வருகைக்கு மாதக் கட்டணம் உண்டு என்ற வரியும் இருக்கட்டும். இவற்றில் ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் முகப்புக் கடிதம், தாள்களின் பட்டியல், தபால் பிரிவின் தேதி முத்திரையிட்ட நகல் வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் என்பது பின்னால் நிற்காது. குறு, சிறு நிறுவனச் சட்டம் 2006இன்படி சமர்ப்பித்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஏற்ற நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. உத்யம் பதிவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இருக்கட்டும். பிறகு பதிந்தால் பழைய பணிக்குப் பொருந்துமா என்ற வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

நிலுவைப் பணத்துக்காகக் குறு, சிறு நிறுவனங்கள் முறையிடும் மத்திய அரசுத் தளத்தில் புகார் கொடுத்தால் அடுத்த பணி கிடைக்காது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அது காரணமில்லாத பயமும் அல்ல. அதனால் படியாகப் போங்கள். 45ஆம் நாள் செயற்பொறியாளருக்கு நினைவூட்டல், பில் எண்ணும் தேதியும் மட்டும், வட்டிப் பேச்சு வேண்டாம். 75ஆம் நாள் கண்காணிப்புப் பொறியாளருக்கு நகலோடு இரண்டாவது கடிதம், இதில் சட்டப் பிரிவு ஒரு வரியாக. நிதியாண்டு முடிவான மார்ச் மாதத்துக்கு முன் ஜனவரியிலேயே நிலுவைப் பட்டியலைக் கொடுத்துவிட்டால் அந்த ஆண்டு ஒதுக்கீட்டிலேயே சேர வாய்ப்பு உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் கொடுத்த பில் ஏப்ரலில் புது ஒதுக்கீட்டுக்காகக் காத்து நிற்கும். இத்தனைக்கும் பிறகு பதில் இல்லையென்றால், முத்திரையிட்ட நகல்களோடு அந்தத் தளத்தில் பதியுங்கள்.